காலையில் ஒன்றாம் வகுப்பு, மதியம் மூன்றாம் வகுப்பு

என் தங்கை மருதாத்தாளின் கணவர் செங்கோட்டையனைத் தங்கமான மனுஷன் என்று மலையாள எல்லையோரத்து முதலமடை வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் மட்டும் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் பொறாமை என்று என் மனைவி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். பதினெட்டு ஏக்கர் மாந்தோப்பும், ஓட்டு வீடும், சிவப்பு மோட்டார் சைக்கிளும் உள்ளவரைப் பார்த்து எனக்குப் பொறாமை வரக்கூடாதென்று சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் இது பொறாமை இல்லை. அவரால் ஒரு குழந்தை கெட்டது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கோபம்தான்.

மாப்பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு வியாதி. எதிரில் நிற்பவர் சிரித்த முகத்தோடு எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க" என்பார். முடியாது என்று சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடுமாம். அதைப் பார்க்க இவருக்கு மனசு வராதாம். பெரிய கருணைக் கடல். எழுபதாம் வருஷத் தேர்தலில் தன் வீட்டு மதிலை இரண்டு கட்சிக்கும் கொடுத்தார். காலையில் ஒரு கட்சிக்காரன் வெள்ளையடித்துச் சின்னம் வரைந்துவிட்டுப் போனான். பொழுது சாய அடுத்த கட்சிக்காரன் அதன் மேலேயே வெள்ளையடித்தான். மறுநாள் இரண்டு கூட்டமும் மதிலடியில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இவர் பின்வாசல் வழியாகத் தோப்புக்குப் போய்விட்டார்.

பெண் பார்த்த கதையும் அதுதான். எங்கள் வீட்டில் காப்பியைக் குடித்துவிட்டு ஆகட்டுங்க என்றவர், அதே வாரம் மீனாட்சிபுரத்தில் இன்னொரு வீட்டிலும் காப்பியைக் குடித்துவிட்டு ஆகட்டுங்க என்றிருக்கிறார். எங்கள் அப்பா முந்திக்கொண்டு பத்திரிகை அடித்துவிட்டதால் மருதாத்தாள் மாட்டிக்கொண்டாள். மீனாட்சிபுரத்துப் பெண் தப்பித்தாள்.

மருதாத்தாள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். வகுப்பில் அவள்தான் முதல். மூன்று முடிந்ததும், பெண்பிள்ளைக்கு இது போதுமென்று அப்பா நிறுத்தினார். அவளுடைய சிலேட்டு என் பைக்கு வந்தது. அவளைவிட மூத்தவனான நான் அந்தச் சிலேட்டை வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு அதில் வெட்கம் எதுவும் தோன்றவில்லை. அவள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. குலதெய்வத்தின் பேரில் காளியாத்தாள் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை பாதி நேரம் தோப்புக் கொட்டகையில்தான் வளர்ந்தது. மாங்காய்க் காலத்தில் கூடைக்குள் விரிக்கப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக வரும். பாதி தமிழ், பாதி மலையாளம். கூடை அடுக்கும் ஆட்களை மேய்த்துக்கொண்டே, மடியில் இருந்த பிள்ளைக்குத் தனக்குத் தெரிந்த எழுத்துகளை மருதாத்தாள் காட்டினாள். ஒரே மாதத்தில் அவளிடமிருந்த சரக்கு தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் குழந்தை தானாகவே போனது. உரமூட்டை, தீப்பெட்டி, லாரியின் நெற்றி எதையும் விடவில்லை. மலையாள எழுத்தை லாரி டிரைவர்களை நச்சரித்துப் பிடித்தாள். ஐந்தரை வயதில் இரண்டு மொழிப் பேப்பரையும் தடங்கலில்லாமல் வாசித்தாள். கூடைக்கு நாற்பத்தெட்டுக் காய் என்றால் பதினேழு கூடைக்கு எத்தனை என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். விரலை மடக்காமல் சொன்னாள். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி, நான் போட்டதுதான் தப்பு.

இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் தகப்பன் என்ன செய்ய வேண்டுமோ தெரியாது. செங்கோட்டையன் வித்தை காட்டினார். கோயமுத்தூரிலிருந்து மாங்காய் வியாபாரி வந்தால் போதும், "அம்மிணி, பேப்பரை எடுத்துட்டு வா" என்று கூப்பிடுவார். பிள்ளை நின்றபடி வாசிக்கும். "அடேயப்பா! கலெக்டருங்கோ!" என்பார் வியாபாரி. இவர் மீசையைத் தடவிக்கொள்வார். ஒருநாள் அவள் வாசித்து முடித்துவிட்டு, "அப்பா, நிவாரணம்னா என்னங்கப்பா?" என்று கேட்டாள். இவருக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் உனக்கெதுக்கு, அடுத்ததப் படி" என்றார். வியாபாரியும் தலையை ஆட்டினார். அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

மருதாத்தாளுக்கு இந்த வித்தையெல்லாம் பிடிக்காது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் தன் பெண் தனக்குத் தகுந்த வகுப்பில் உட்கார வேண்டும். தெரிந்ததையே ஒரு வருஷம் மறுபடி கத்திக்கொண்டு மக்கிப்போகக் கூடாது. இதை அவள் என்னிடம் நாலைந்து தரம் சொல்லியிருக்கிறாள். எழுபத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் காளியாத்தாளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் சேர்க்கிற நேரம் வந்தது.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட நடைமுறை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் கல்வி அதிகாரி வந்து வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணுவார். ஏ.இ.ஓ. என்பார்கள். அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் தலைதான் தலை. குறைந்தால் ஒரு டிவிஷன் போகும். டிவிஷன் போனால் ஒரு டீச்சருக்கு வேலை போகும். அதனால் மே மாதக் கடைசியில் வாத்தியார்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க அலைவார்கள். வருஷம் முழுவதும் நாயே பேயே என்று திட்டுகிறவர்கள், அந்தப் பத்து நாள் மட்டும் கண்ணு, ராசா என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். ஏழாவது நாள் பிரம்பு மறுபடி கைக்கு வந்துவிடும்.

வாய்க்காலுக்கு வடக்கே தமிழ்ப் பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டர் சின்னையன் வாத்தியார். ஒன்றாம் வகுப்பின் இரண்டாவது டிவிஷனுக்கு அவருடைய மருமகள் சரஸ்வதிதான் டீச்சர். அந்த வருஷம் அந்த டிவிஷன் நிற்பதற்கு ஒரே ஒரு தலை குறைந்தது. சின்னையன் வாத்தியார் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க, உங்க புள்ளைய நம்ம பள்ளிக்கோடத்துல ஒண்ணாவதுல சேத்திருங்க. உங்க ஊட்டுப் புள்ள வந்தா பள்ளிக்கோடத்துக்கே ஒரு பெருமைங்க."

மருதாத்தாள் உள்ளேயிருந்து வந்தாள். "வாத்தியாருங்க, இவ பேப்பரே படிக்கிறாளுங்க. ஒண்ணாவதுல உக்கோந்து அ, ஆன்னு கத்தி என்னங்க ஆகப்போகுது? மூணாவதுல போட்டுப் பாருங்களேன்."

"ஆறு வயசுப் புள்ளைக்குச் சட்டப்படி ஒண்ணாவதுதானுங்க அம்மிணி. நானா சட்டம் போட்டேன்?"

மூன்றாம் வகுப்பில் அவருக்குத் தலை நிறைய இருந்தது. அங்கே ஒன்று குறைந்திருந்தால் சட்டம் அவருக்கு மறந்துபோயிருக்கும். இதை எடுத்துச் சொல்ல வேண்டிய மாப்பிள்ளை, வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார். வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆகட்டுங்க" என்றார் மாப்பிள்ளை. காளியாத்தாள், வயது ஆறு, ஒன்றாம் வகுப்பு என்று பதிவாயிற்று.

மறுநாளே வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த மலையாளப் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றாம் வகுப்பு வாத்தியார் சங்குண்ணி மாஷ் வந்தார். கையில் குழந்தை பிடிக்கிற அளவுக்கு ஒரு புதுக் குடை. அவருக்குத் தலை குறைந்தது மூன்றாம் வகுப்பில்.

"செங்கோட்டையா, மோளை எங்களுக்குத் தரணும். அவள் மிடுக்கியல்லே! மூணாம் கிளாஸில் இருத்தாம்" என்றார் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. கெட்டிக்காரப் பிள்ளையாம், மூன்றாம் வகுப்பிலேயே உட்காரவைக்கலாமாம்.

ஆறு வயதுப் பிள்ளையை மூன்றாம் வகுப்பில் எழுத முடியாதே என்று நாம் நினைப்போம். சங்குண்ணி மாஷுக்கு அது ஒரு பிரச்சினையாகப் படவில்லை. அவர் எட்டு வயது என்று எழுதிக்கொண்டார். காளியாத்தாள் என்ற பெயரும் அவருக்கு அவ்வளவு ரசிக்கவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைக்கு நல்ல பெயராக இருக்கட்டும் என்று ஜானகி என்று போட்டார். பேனாவை மூடும்போது மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளை ஆகட்டுங்க என்றார்.

மருதாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. "பேரு என்னவோ இருந்துட்டுப் போகுதுங்க, மூணாவது கெடைச்சா எனக்குப் போதும்" என்றாள். அவள் அப்போதே புருஷனிடம் சொன்னாள்: "நீங்க உடனே போயிச் சின்னையன் வாத்தியாருகிட்ட, அந்தப் பேரை அடிச்சிருங்கன்னு சொல்லீட்டு வந்திருங்க."

மாப்பிள்ளை போனார். போனவரை உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது மருமகள் சரஸ்வதி டீச்சர். "உங்களாலதானுங்க எனக்கு வேலை நிக்குது" என்று அந்தப் பெண் கண்கலங்கியிருக்கிறாள். மாப்பிள்ளை மோரைக் குடித்து முடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், வீட்டுக்கு வந்தார்.

"சொல்லீட்டீங்களா?" என்று மருதாத்தாள் கேட்டாள்.

"ஆச்சு" என்றார்.

அன்றிலிருந்து காகிதத்தில் அவருக்கு இரண்டு பிள்ளைகள். காளியாத்தாள் ஆறு வயது, ஜானகி எட்டு வயது.

பள்ளிக்கூடம் திறந்தது. மாப்பிள்ளை ஒரு ஏற்பாடு கண்டுபிடித்திருந்தார். காலையில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் வைத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். மத்தியானச் சோற்றுக்கு மணி அடித்ததும், பிள்ளைக்கு வயிற்றுவலி என்று கூட்டிக்கொண்டு, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மலையாளப் பள்ளிக்கூடத்தில் விடுவார். அங்கே, காலையில் பிள்ளையைப் பொள்ளாச்சி வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தார். ஒரு குழந்தைக்கு மத்தியானம் வடக்கே வயிற்றுவலி, காலையில் தெற்கே வைத்தியம். தோப்பில் ஒரு குழாயைச் சரிசெய்யச் சொன்னால் இரண்டு மாதம் யோசிக்கிறவர் இதை எப்படி ஒரே நாளில் யோசித்தார் என்று நான் இன்றும் ஆச்சரியப்படுகிறேன்.

மருதாத்தாளுக்கு விஷயம் நான்காம் நாள் தெரிந்தது. பிள்ளை வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நோட்டில் அ என்று நூறு தரம். இன்னொரு நோட்டில் மூன்றாம் வகுப்பு மலையாளப் பாடத்துக்குக் கேள்வி பதில். "எதுக்கு அம்மிணி ரெண்டு?" என்று தாய் கேட்டாள். ஒளிக்கத் தெரியாத பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அண்ணா, நீங்களே கேளுங்ணா. இவருக்கு வாயில மாட்டேன்னு ஒரு வார்த்தை வராதுங்களா? புள்ளைய என்ன கன்னுக்குட்டின்னு நெனச்சாரா, காத்தால ஒரு தொண்டுபட்டி, மத்தியானம் ஒரு தொண்டுபட்டின்னு கட்டறதுக்கு?"

மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கழிச்சு ஆறாவது நாளுங்க மச்சான். தலை எண்ணீட்டுப் போயிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி. அப்பறம் புள்ள முழுசா சங்குண்ணி மாஷ் பள்ளிக்கோடத்துக்கே போகட்டும். இப்பப் போயி இல்லீன்னா சின்னையன் வாத்தியாரு மூஞ்சில நான் எப்படிங்க முழிக்கறது?"

"உங்க மக மூஞ்சில எப்படி முழிப்பீங்க?" என்றாள் மருதாத்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள். நான் அந்த வீட்டுத் தாய்மாமன். நான் எழுந்து நின்று, இந்தக் கூத்தை இன்றோடு நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். யார் எதைச் சொன்னாலும் கேட்கிற மனிதர்தானே. ஆனால் எனக்கும் சின்னையன் வாத்தியாரிடம் காரியம் இருந்தது. என் மூத்தவனுக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. "ரெண்டு நாளுதானே அம்மிணி, போகட்டும் விடு" என்றேன். மருதாத்தாள் உள்ளே போய்விட்டாள். செங்கோட்டையனைத் திட்டுகிற அளவுக்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஆறாவது நாள் தூறல். காலை பத்தரைக்கு ஏ.இ.ஓ.வின் ஜீப்பு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கண்ணாடி போட்ட, கொஞ்சம் களைத்த முகத்து மனிதர். சரஸ்வதி டீச்சரின் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தார்கள். காளியாத்தாள் மட்டும், சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தில் ஊர்ப் பெயர்களை வாய்க்குள் வாசித்துக்கொண்டிருந்தாள். ஏ.இ.ஓ. அதைக் கவனித்தார். பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டார். அவள் சித்தூரிலிருந்து வாளையார் வரை வரிசையாக வாசித்துக் காட்டினாள். அவருக்குச் சந்தோஷம். "இந்தக் குழந்தை ஏன் இந்த வகுப்பில் இருக்கிறது?" என்று சின்னையன் வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார், "வயசு ஆறுதானுங்க சார், சட்டம்" என்றார். ஏ.இ.ஓ. பிள்ளையின் தலையைத் தட்டிவிட்டு, தலையை எண்ணிக்கொண்டு போனார்.

மலையாளப் பள்ளிக்கூடத்துக்கு மத்தியானம் வேறொரு குமாஸ்தாதான் வரப்போகிறார் என்று சங்குண்ணி மாஷ் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில் மாப்பிள்ளை பன்னிரண்டரைக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். பிள்ளையை நடுவில் வைத்துப் பின்னால் நான் உட்கார்ந்தேன். அவள் நனையாமல் நான் குடை பிடித்துக்கொள்ள வேண்டுமாம். பாலத்தருகே நிறுத்தி, காலையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து நீல ரிப்பனைக் கட்டினோம். கட்டியது நான்தான். அப்போது அவள் என்னைக் கேட்டாள்:

"மாமா, நான் இப்ப ஜானகிங்களா?"

"ஆமா சாமி" என்றேன்.

குமாஸ்தாவுக்குக் காய்ச்சல். இரண்டரை மணிக்கு மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து இறங்கியது அதே ஜீப்பு, அதே கண்ணாடி. நானும் மாப்பிள்ளையும் வராந்தாவில் நின்றிருந்தோம். ஆஜர் கூப்பிட்டார்கள். ஜானகி என்றதும் பிள்ளை எழுந்து "ஹாஜர்" என்றாள். ஏ.இ.ஓ. நிமிர்ந்து பார்த்தார். ரிப்பன் மாறியிருந்தது, பாவாடை மாறவில்லை. அவர் கோபப்படவில்லை. கிட்டே போய்க் காலையில் போலவே குனிந்து, "மோளே, எத்ராம் கிளாஸிலா படிக்குந்நது?" என்றார்.

பிள்ளைக்கு இது கஷ்டமான கேள்வி இல்லை. சுத்தமான மலையாளத்தில் பதில் சொன்னாள்: "ராவிலெ ஒந்நில், உச்ச கழிஞ்ஞால் மூந்நில்."

காலையில் ஒன்றில், மத்தியானத்துக்கு மேல் மூன்றில். வகுப்பில் ஒரு பிள்ளை சிரித்தது. சங்குண்ணி மாஷ் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். செங்கோட்டையன் வராந்தாவில் இல்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் பாலத்துப் பக்கம் கேட்டது. பிள்ளையை நான்தான் மழையில் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஒரே தலையை இரண்டு இடத்தில் எண்ணக்கூடாதென்று இரண்டு ரிஜிஸ்டரிலும் பிள்ளையின் பெயரை அடித்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு டிவிஷன் போயிற்று. சரஸ்வதி டீச்சருக்கு வேலை போயிற்று. சங்குண்ணி மாஷுக்கும் அதே கதி. இரண்டு இடத்துக்கும் குறைந்தது ஒரே தலை, இந்தத் தலை. இரண்டு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்களும் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். விசாரணை முடியாமல் இந்தப் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்றார்கள். விசாரணைக்குப் பிறந்த தேதி வேண்டும். காளியாத்தாளின் பிறப்பைப் பஞ்சாயத்தில் பதிய வேண்டியவர் செங்கோட்டையன். பதிகிறேன் என்று எத்தனை பேரிடம் ஆகட்டுங்க சொன்னாரோ, பதியவில்லை. ஓணம் போய், தீபாவளி போய், பொங்கல் வந்தது. விசாரணை நடந்துகொண்டே இருந்தது. ஊரிலேயே கெட்டிக்காரப் பிள்ளை அந்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை.

நடந்ததற்கு யார் பொறுப்பு என்று மாப்பிள்ளையைக் கேட்டால், அவர் பிள்ளையைக் காட்டினார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கை துறுதுறுக்கிறது. "இது படிச்சுத் தொலைச்சதுனாலதானுங்களே இத்தனை கெரகமும்? சும்மா மத்த புள்ளைங்க மாதிரி இருந்திருந்தா ரெண்டு பேரும் வந்து நிப்பாங்களா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பிள்ளை கூடையோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். சரஸ்வதி டீச்சர் ஒருநாள் வழியில் பார்த்து, "என் சோத்துல மண்ணைப் போட்டவ இவதான்" என்றாள். அதுவும் பிள்ளை காதில் விழுந்தது. வியாபாரி வந்தால் இப்போது யாரும் பேப்பரை எடுத்து வரச் சொல்வதில்லை. கூடைக்குப் பேப்பர் விரிக்கிறபோது அவள் எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போடுவதாக மருதாத்தாள் என்னிடம் சொன்னாள். பேப்பரில் இரண்டு பக்கமும் எழுத்துதானே என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ஜூனுக்கு மருதாத்தாள் யாரையும் நம்பவில்லை. தானே பஞ்சாயத்து ஆபீசுக்கு ஆறு தடவை நடந்து பிறப்பைப் பதிந்தாள். எல்லைச் செக்போஸ்டைத் தாண்டி, பொள்ளாச்சி போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தானே விசாரித்தாள். அங்கே போக பஸ் இருந்தது. சேர்க்கிற அன்று என்னையும் வரச் சொன்னாள். "நீங்க வந்து நில்லுங்ணா, போதும்" என்றாள். மாப்பிள்ளையும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து சேர்ந்தார். தகப்பன் கையெழுத்து வேண்டுமே.

ஹெட்மிஸ்ட்ரஸ் பேர் சிசிலி. நல்ல பெண்மணி. பிறப்புச் சீட்டைப் பார்த்தார், பெயரை ஒழுங்காகக் காளியாத்தாள் என்றே எழுதினார். மருதாத்தாள் கைகளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"டீச்சருங்க, இவளுக்கு வயசு ஏழுதானுங்க. ஆனா நல்லாப் படிப்பாளுங்க, கணக்கும் போடுவாளுங்க. ஒண்ணாவதுல போட்டுறாதீங்க. மூணாவதுல போட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சிசிலி டீச்சர் சட்டம் பேசவில்லை. "அதுக்கென்னம்மா, ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டட்டும். வாசிச்சா மூணாவதுலயே உக்கார வச்சுடறேன்" என்றார். மேசையிலிருந்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, நடுவில் திறந்து, பிள்ளை பக்கம் திருப்பி வைத்தார்.

மருதாத்தாள் என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. இவ்வளவு சுலபமாக இது நடக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

காளியாத்தாள் புத்தகத்தின் மேல் குனிந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் கண் முதல் வரியில் தொடங்கி வரிவரியாக இறங்கியது. பக்கத்தின் கடைசி வரியில் போய் நின்றது. அப்புறம் தலையை நிமிர்த்தித் தகப்பனை ஒரு தரம் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டீச்சர்" என்றாள்.

"அம்மிணி! என்ன சாமி சொல்ற? வாசி கண்ணு. ஒரு வரி வாசி."

"தெரியாதுங்கம்மா."

மருதாத்தாள் பிள்ளையின் தோளைப் பிடித்தாள். "படிப்பாளுங்க டீச்சர், சத்தியமா நல்லாப் படிப்பாளுங்க. என்னமோ பயந்துட்டாளுங்க."

சிசிலி டீச்சர் இரக்கத்தோடுதான் சிரித்தார். "எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க. பரவால்லம்மா, ஒண்ணாவதுல இருக்கட்டும். நல்லா அடிப்படையிலிருந்து வரட்டும்" என்று எழுதத் தொடங்கினார்.

செங்கோட்டையனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இந்தத் தடவை எந்த வம்பும் இல்லை. வயது சரி, பெயர் சரி, வகுப்பும் சட்டப்படி சரி. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஆயா வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து அ என்று எல்லாப் பிள்ளைகளும் கத்துவது கேட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் மருதாத்தாள் நின்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"அண்ணா, அவ அந்தப் பக்கத்தை முழுசாப் படிச்சாளுங்ணா. வாயத் தொறக்கல, ஆனா கண்ணு படிச்சுது. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் அம்மிணி" என்றேன்.

"அப்ப அந்த டீச்சருகிட்ட நீங்க ஏனுங்ணா ஒரு வார்த்தை சொல்லல?"

மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டு, வருகிறீர்களா என்று எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். மருதாத்தாள் அந்தப் பக்கம் திரும்பாமல் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.